யாரும் பார்க்காத கோணி ஊசி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாடிக்கொம்பில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். போன இடத்தில் என் சட்டைப் பொத்தான் ஒன்று நூலில் தொங்கிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். கவனித்துவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. ஊசி நூல் கேட்டேன்.

"டிவிக்குப் பக்கத்துல கறுப்புப் பை ஒண்ணு கெடக்கு பாரு தம்பி. அதுலதான்" என்றாள் அக்கா.

ஜிப்பைத் திறந்தேன். ஊசி இருந்தது. நாலைந்து நிறத்தில் நூல், ஊக்கு, உதிரிப் பொத்தான்கள், உடைந்த கொலுசின் திருகாணி... எல்லாம் இருந்தன. பொத்தானைத் தைத்து முடித்துப் பையை மூடும்போதுதான் அது என்ன பை என்று உறைத்தது. மாமாவின் சுகர் மீட்டருக்கான பை அது. மீட்டரோடு சேர்த்து நான் வாங்கிக் கொடுத்தது.

"மீட்டர் எங்கக்கா?"

அக்கா பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போனாள். அவள் இப்படிப் போனால் பதில் மாமாவிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

"அது பீரோவுல சேலைக்கு அடியில தூங்குது மாப்ள" என்றார் மாமா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "நான் அளக்குறத விட்டாச்சு."

அளக்கிறதை விட்டாச்சு! இதை யாரிடம் சொல்கிறார் பாருங்கள். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் தராசு பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பூக்கடைச் சின்னத் தராசு முதல் மூட்டை போடும் பிளாட்பாரத் தராசு வரைக்கும் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, சரிசெய்து, அரசாங்க முத்திரைக்குத் தயார் செய்துகொடுப்பது என் பிழைப்பு. காலேஜில் இயற்பியல் படித்தவன். அளவு என்பது எனக்குச் சோறு.

மாமாவுக்கும் அதுதான் சோறு. டவுனில் தானியக் கமிஷன் கடை. செம்பட்டிப் பக்கத்து மக்காச்சோளமும் தொப்பம்பட்டிப் பக்கத்து நிலக்கடலையும் அவர் கடைத் தராசில் ஏறி இறங்கித்தான் வெளியூர் போகும். ஒரு மூட்டையைக்கூட எடை போடாமல் வாங்கமாட்டார். அப்படிப்பட்ட மனிதர் தன் ரத்தத்தை எடை போடமாட்டாராம்.

"ஏன் மாமா?"

"குவாண்டம்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அது தப்பு. பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சிரிக்காத மாப்ள. நீ படிச்சதுதான. எலக்ட்ரானை யாரும் பாக்காதவரைக்கும் அது அங்கயும் இருக்கும் இங்கயும் இருக்கும். பாத்த ஒடனே ஒரு எடத்துல வந்து உக்காந்துரும். உண்டா இல்லையா?"

"ஏறக்குறைய உண்டு. அதுக்கும்..."

"இரு. என் சுகரும் அப்படித்தான். பாக்காதவரைக்கும் கூடவும் இருக்கும், கொறச்சும் இருக்கும். நான் பயந்துக்கிட்டே மீட்டரப் பாத்தேன்னு வையி, கூடத்தான் வந்து உக்காரும். பாக்குற மனசுதான் நெசத்த உண்டாக்குது. அதனால மனசு சரியாகுறவரைக்கும் பாக்கக் கூடாது. கோச் சொல்லிட்டாரு."

"எந்தக் கோச்?"

மாமாவின் தம்பி பாண்டி கூட்டிக்கொண்டு போனானாம். கல்யாண மண்டபத்தில் முகாம். 'குவாண்டம் வாழ்வியல் பயிற்சி.' வந்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. தினமும் காலையில் ஒரு வீடியோ.

"மாத்திரை?" என்று கேட்டேன்.

"அத நிறுத்தச் சொல்லல. ஆனா அளக்காம எதுக்கு மாத்திரை? நெனப்பு வந்தா போடுறேன்."

இந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை! இந்த ஆசாமிகள் எல்லோரும் இங்கே மட்டும் ரொம்பக் கவனமாக இருக்கிறார்கள். வழக்கு வந்தால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று கையை விரிக்கலாம். அளக்காதே என்று சொன்னால் போதும், மாத்திரை தானாக நின்றுவிடும் என்று அவர்களுக்குத் தெரியாதா?

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது. "நீயாச்சும் சொல்லு தம்பி. எனக்குப் பயமா இருக்கு. அவுக அப்பாவுக்குச் சுகர்ல காலு போனது மாதிரி..."

"பாத்தியா, பாத்தியா" என்றார் மாமா. "இப்படி நெனைக்காதன்னு எம்புட்டு தடவ சொல்றது இவட்ட!"

அடுத்த ஞாயிறு அந்த முகாமின் இரண்டாம் பாகம். "வந்து கேட்டுட்டு அப்புறம் பேசு மாப்ள" என்றார். நியாயமான பேச்சு. போனேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரங்கள் வாசலில் இன்னும் நின்றன. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏ.சி. இல்லாத மண்டபத்தில் கோட் போட்டுக்கொண்டு ஒருவர் மேடையில் வேர்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் கோச்.

"சயின்ஸே ஒத்துக்கிருச்சு! நீங்க பாக்குறதாலதான் உலகம் இருக்கு. பாக்கலன்னா... இல்ல!"

கைதட்டல்.

திரையில் ஒரு கார்ட்டூன். இரண்டு துவாரம் உள்ள தடுப்பு, அதன் மீது வந்து மோதும் எலக்ட்ரான்கள். யாரும் பார்க்காதபோது பின்னாலுள்ள திரையில் வரிவரியாகப் பட்டை விழுகிறது. அப்புறம் துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கண் வந்து முழிக்கிறது. பட்டை மறைந்துவிடுகிறது. "எலக்ட்ரானுக்கே தெரியுது, நீங்க பாக்குறீங்கன்னு!" என்றார் கோச். என்ன அநியாயம்! அந்தச் சோதனைச் சாலைகளில் எங்கே ஐயா கண் இருந்தது?

பிறகு நம்மூர் விஷயத்துக்கு வந்தார். "நம்ம முன்னோர்கள் நெல்லை அளக்குறப்போ 'ஒண்ணு'ன்னா ஆரம்பிச்சாங்க? 'லாபம்'னு ஆரம்பிச்சாங்க! ஏன்? அவங்களுக்கு அப்பவே குவாண்டம் தெரியும்!"

மாமா என் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "கேட்டியா!"

தெரியாதவர்களுக்கு: அளக்கும்போது முதல் எண்ணை வாயால் சொல்லாமல், மங்கலமாக 'லாபம்' என்று தொடங்குவது நம் பக்கத்து வழக்கம். மாமா கடையில் இன்றைக்கும் முதல் மூட்டை தராசில் ஏறினால் "லாபம்" என்றுதான் குரல் வரும். அடுத்த மூட்டைக்கு "ரெண்டு". எனக்கு அந்த வழக்கம் பிடிக்கும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் லாபம் என்று சொன்னதால் மூட்டைக்குள் ஒரு சோளமாவது கூடியிருக்கிறதா? கூடியிருந்தால் மாமா எதற்கு என்னைக் கூப்பிட்டு வருஷா வருஷம் தராசைச் சரிபார்க்கிறார்?

கேள்வி கேட்கலாம் என்றார்கள். எழுந்தேன்.

"ஐயா, அந்தத் துவாரத்துப் பக்கத்துல கருவியை வெச்சிட்டு, ரூமைப் பூட்டிட்டு, எல்லாரும் டீ குடிக்கப் போயிடுறோம்னு வைங்க. பட்டை விழுமா, விழாதா?"

"சார் என்ன பண்றீங்க?" என்றார் கோச்.

"தராசு ரிப்பேர்."

மண்டபம் சிரித்தது. "அதான் சார் விஷயம். நீங்க இன்னும் எடை பாக்குற லெவல்லயே இருக்கீங்க. உங்க வைப்ரேஷனைக் கொஞ்சம் மேல தூக்குங்க."

இன்னும் பெரிய சிரிப்பு. நான் நின்றுகொண்டே இருந்தேன். "பட்டை விழுமா, விழாதான்னு..."

பக்கத்து நாற்காலிக்காரர், தொப்பம்பட்டிப் பக்கம் போலிருக்கிறது, என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். "ஏனுங்க, உக்காருங்க. மறைக்குதுங்க."

உட்கார்ந்தேன். அங்கே கிடைக்காத பதிலை இங்கே எழுதிவிடுகிறேன். இங்கே யாரும் என் சட்டையைப் பிடித்து இழுக்க முடியாது.

பட்டை விழாது. அறையைப் பூட்டினாலும் விழாது. ஒரு மனிதன்கூட இல்லாவிட்டாலும் விழாது. எலக்ட்ரான் எந்தத் துவாரம் வழியாகப் போனது என்பதற்கு ஒரு தடயம் எங்காவது பதிந்துவிட்டால் போதும், பட்டை போய்விடும். அந்தப் பதிவை யாரும் படிக்காமலே கிழித்துக் குப்பையில் போட்டாலும், போன பட்டை திரும்பி வராது.

இயற்பியலில் 'பார்ப்பது', 'அளப்பது' என்று சொல்லும்போது ஒரு பொருள் இன்னொரு பொருளைத் தொட்டுத் தடயம் விடுகிறது என்றுதான் அர்த்தம். தொடுவது ஒளியாக இருக்கலாம், ஒரு காற்று மூலக்கூறாக இருக்கலாம், ஒரு தூசியாக இருக்கலாம். தூசிக்கு மனசு உண்டா? பயம் உண்டா? பாசிட்டிவ் எண்ணம் உண்டா?

பங்சர் கடைக்குப் போயிருப்பீர்கள். டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க கேஜை வைத்து அழுத்தும்போது 'புஸ்' என்று கொஞ்சம் காற்று வெளியே போகும். அளந்ததால் காற்று குறைந்தது, உண்மை. ஆனால் குறைத்தது யார்? பங்சர் ஒட்டுகிறவரின் எண்ணமா? கேஜ்தானே! அவர் கண்ணை மூடிக்கொண்டு வைத்தாலும் அதே 'புஸ்'தான்.

இந்த உவமை அரைவாசிதான் பொருந்தும். எலக்ட்ரான் விஷயம் டயரைவிட எவ்வளவோ விசித்திரமானது. அளக்கும் கணத்தில் சரியாக என்னதான் நடக்கிறது என்று பெரிய மேதைகளே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். மனதுக்கும் இதில் ஏதாவது பங்கு இருக்குமோ என்று ஒரு காலத்தில் அவர்களிலேயே சிலர் யோசித்ததும் உண்டு. அதை மறைக்கமாட்டேன். மறைத்தால் எனக்கும் கோட்டுக்காரருக்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் அவர்களில் ஒருவராவது, "நீ விரும்பிய விடையை வரவைக்கலாம்" என்று சொன்னாரா? அதுதான் கிடையாது. எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். எந்த விடை எத்தனை தரம் வரும் என்பது கணக்குப்படி நடக்கும். உங்கள் ஆசைப்படி நடக்காது. மாமா 'இந்தப் பக்கம் வா' என்று கெஞ்சினாலும் எலக்ட்ரான் வராது. பாண்டி மிரட்டினாலும் வராது.

பெட்டிக்குள் பூனை பாதி உயிரோடு, பாதி செத்து இருக்கிறது என்று ஒரு கதை சொல்வார்கள். கோச்சும் சொன்னார். அந்தக் கதையைக் கட்டிய விஞ்ஞானி, "எலக்ட்ரானுக்குச் சொல்வதைப் பூனைக்கும் அப்படியே சொன்னால் எவ்வளவு அபத்தமாக இருக்கிறது பாருங்கள்" என்று கேலி செய்வதற்காகத்தான் அதைச் சொன்னார். அந்தக் கேலியை இவர்கள் வேதமாக்கிவிட்டார்கள்.

ரத்தம் எலக்ட்ரான் அல்ல. அது சூடானது, ஈரமானது, கோடானுகோடி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஓடும் கூட்டம். அங்கே ஒவ்வொன்றும் மற்றொன்றை ஓயாமல் தொட்டுத் தடயம் விட்டுக்கொண்டிருக்கிறது. அப்படிப் பார்த்தால் மாமாவின் ரத்தம் அளக்கப்படாத நொடி என்று ஒன்று கிடையாது. சிறுநீரகம் அளக்கிறது. கண் அளக்கிறது. நரம்பு அளக்கிறது. அளக்காமல் இருந்தவர் மாமா ஒருவர்தான்.

இதையெல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு கூட்டம் முடிந்து வெளியே வந்தேன். மாமா எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். வெள்ளை டைல்ஸ் போட்ட தரை. அதில் ஒரு செம்பழுப்புக் கறை. ஓரெட்டு விட்டு இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஒரே அளவான இடைவெளியில், வாசல் வரைக்கும்.

"மாமா, நில்லுங்க."

திரும்பிப் பார்த்தார். அவரும் தரையைப் பார்த்தார். "நேத்துக் கல்யாணத்துக் குங்குமமா இருக்கும். எவனோ மிதிச்சுட்டு நடந்துருக்கான்."

நடந்தது அவர்தான். எல்லாக் கறையும் அவருடைய இடது காலில் போய் முடிந்தது.

நாற்காலியில் உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு குழி. ஓரமெல்லாம் கறுத்திருந்தது. நான் அழுத்திய இடத்தில் அவருக்கு வலிக்கவே இல்லை. சுகரில் நரம்பு மரத்துப்போனால்தான் இப்படி வலிக்காமல் இருக்கும்.

அவருடைய இடது செருப்பைத் தேடி எடுத்துத் திருப்பினேன். கோணி ஊசியின் உடைந்த முனை. மூட்டை வாயைத் தைப்பார்களே, அந்த ஊசி. அடிப்புறம் துளைத்து உள்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கடையில் எப்போதோ மிதித்திருக்கிறார். எத்தனை நாளாக அதன் மேல் நடந்தாரோ... அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பாண்டி ஓடி வந்தான். "தூக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன். "கோச் சாரை ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தான். நான் அவனைப் பார்த்த பார்வையில் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக விரலில் குத்தி அளந்தார்கள். வந்த எண்ணை எழுத வேண்டாம். டாக்டரம்மா நிமிர்ந்து, "கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணீங்க?" என்றார். மாமா கூரையைப் பார்த்தார். குவாண்டம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"காலக் காப்பாத்திரலாம்னு நெனைக்கிறேன். சுண்டுவிரலை எடுத்துத்தான் ஆகணும்" என்றார் டாக்டரம்மா.

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். மாமாவை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். பாண்டி போய்ப் போனில் பேசிவிட்டு வந்தான். யாரிடம் என்று கேட்கத் தேவையில்லை.

"மதினி, தப்பா நெனைக்காதீக" என்றான் அக்காவிடம். "கோச் சார் என்ன சொல்றாருன்னா... வீட்டுல யாராச்சும் ஒரே நெனப்பா இருந்தா, அது நடந்துருமாம். அண்ணன் காலப் பத்தி யாரோ நெகட்டிவ்வா நெனச்சுக்கிட்டே இருந்துருக்காங்கன்னு சொல்றாரு."

"நான்தான் தம்பி" என்றாள் அக்கா. என்னைப் பார்க்கவில்லை, மடியில் கிடந்த தன் கையைப் பார்த்துச் சொன்னாள். "நெதமும் நெனச்சேன். மாமனாருக்குப் போன மாதிரி இவுகளுக்கும் காலு போயிருமோன்னு... வெளக்கேத்துறப்பக்கூட அதே நெனப்புத்தான். நான்தான் நெனச்சே கூட்டிட்டு வந்துட்டேன்."

வாசகர்களே, எனக்குக் கோபம் எளிதில் வராது. தராசில் முள் ஒரு கோடு தள்ளி நின்றாலும் நிதானமாகத் திருகிச் சரிசெய்கிறவன். அன்று அந்த பெஞ்சில் வந்தது.

என்ன ஒரு ஏற்பாடு பாருங்கள்! சுகர் குறைந்தால் கோச்சின் வெற்றி. கூடினால் வீட்டுக்காரியின் கெட்ட எண்ணம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் லாபம் அவர் தட்டில்தான் விழும். இப்படி ஒரு தராசை ஒரு வியாபாரி கடையில் வைத்திருந்தால் பிடித்துக்கொண்டு போய் அபராதம் போடுவார்கள். இவருக்குக் கைதட்டுகிறார்கள். வருஷக்கணக்காக அந்த மனிதருக்கு அளந்து சோறு போட்டு, கெஞ்சி மாத்திரை கொடுத்து, பயந்து பயந்து கவனித்த ஒரே ஜீவன் அக்கா. விரல் போனதற்கு அவளே குற்றவாளி! இதற்குப் பெயர் அறிவியலா?

"பாண்டி" என்றேன். "அந்த ஊசி செருப்புல இருந்துச்சே, அத யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல மச்சான்."

"ஊசியப் பத்தி யாராச்சும் நெனச்சாங்களா? உங்க மதினி நெனச்சாளா?"

"...இல்ல."

"அப்ப அது எப்படிக் குத்துச்சு?"

பாண்டி எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனான். ஆனால் அக்காவுக்கு அது ஏறவில்லை. வாதத்தில் ஜெயித்துவிட்டால் எதிரே இருப்பவர் மனம் மாறிவிடும் என்பது என்னைப் போன்றவர்களுக்கு இருக்கிற மூடநம்பிக்கை.

விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. தையல் பிரித்து மாமா வீட்டுக்கு வந்தார். மீட்டர் சேலைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தது. கறுப்புப் பையிலிருந்து ஊசி நூல் வெளியேறியது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

போன வாரம் போயிருந்தேன். மாமா அளப்பதற்கு மீட்டரை எடுத்ததும் அக்கா சட்டென்று எழுந்தாள். "செத்த நேரம் இருங்க. அடுப்புல வெஞ்சனம் கெடக்கு" என்று உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் வரும்போதே பார்த்திருந்தேன்.

"நெதமும் இப்படித்தான் போறா" என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி. பிறகு உரக்க, "ஏ செல்வி, எங்க போற?"

"நீங்க பாருங்க."

"நீயும் வந்து பாரேன்."

"நான் வரல." அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்து, "நான் பாத்தா கூடிரும்."

மாமா மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருடைய முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. விரல் போனபோதுகூட அவர் அப்படி இல்லை. இந்தப் பேச்சை வீட்டுக்குள் கொண்டுவந்தது யார் என்று அவருக்குத் தெரியாதா?

"மாப்ள" என்றார் கடைசியில். "ரூமப் பூட்டிட்டு டீ குடிக்கப் போனா என்ன ஆகும்னு அன்னைக்கு மண்டபத்துல கேட்டியே... இங்கன வெச்சு அதப் பாக்க முடியுமா?"

நான் அவரைக் கட்டிக்கொள்ளாததுதான் பாக்கி.

முடியும். அந்த மீட்டருக்கு ஞாபகம் உண்டு. அளந்த எண்ணை உள்ளே சேர்த்து வைத்துக்கொள்ளும். விரலில் ஒரே குத்து, மீட்டரில் செருகும் சோதனைப் பட்டை இரண்டு. முதல் பட்டையில் ரத்தத்தைத் தொட்டவுடன் மீட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டோம். மாமா கூரையைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அக்கா அடுப்படியில். மீட்டர் தனியாக, யாரும் இல்லாமல், 'பீப்' என்றது. எண்ணைப் பார்க்காமலே பட்டையை உருவினேன்.

"இப்ப வா" என்றார் மாமா. அக்கா வரவில்லை. அவரே சுவரைப் பிடித்து, கட்டுப்போட்ட காலை ஊன்றாமல், நொண்டி நொண்டி அடுப்படி வாசல் வரைக்கும் போய் அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். பக்கத்தில் உட்காரவைத்தார்.

"நல்லாப் பாரு. அம்புட்டுப் பயத்தையும் வெச்சுக்கிட்டுப் பாரு. எனக்கு மறு காலும் போயிரும்னு நெனச்சுக்கிட்டே பாரு."

"வாயக் கழுவுங்க" என்றாள் அக்கா. ஆனால் பார்த்தாள். இரண்டாவது பட்டை. கண் இமைக்காமல் பார்த்தாள். எண் வந்தது. இன்னும் கூடுதல்தான், ஆனால் ஆஸ்பத்திரியில் வந்ததற்குப் பாதிக்கும் கீழே.

பிறகு பொத்தானை அழுத்தி, யாரும் பார்க்காமல் பதிந்திருந்த முதல் எண்ணை வரவழைத்தேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. யாரும் பார்க்காதபோது வந்தது ஒரு நூல் கூடுதல், அக்கா பார்த்தபோது வந்தது ஒரு நூல் குறைவு.

"நான் பாத்தது கொறச்சா காட்டுது?" என்றாள் அக்கா.

உண்மையைச் சொல்ல வேண்டுமே. "அது உன் பார்வை இல்லக்கா. இந்த மாதிரி மீட்டர் அந்த அளவுக்கு முன்னப்பின்ன காட்டும். நீ பாத்தாலும் ஒண்ணுதான், பாக்காட்டாலும் ஒண்ணுதான்."

மீட்டரை என் கையிலிருந்து வாங்கி அவளே பொத்தானை அழுத்தினாள். முதல் எண். இரண்டாவது எண். மறுபடியும் முதல் எண். அது அங்கேயே இருந்தது. அவள் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை நானும் மாமாவும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாமா தொண்டையைச் செருமினார். முதல் எண்ணைச் சுட்டிக்காட்டி, கடையில் மூட்டை ஏறும்போது போடும் அதே குரலில், "லாபம்..." என்றார்.

"வெரலக் குடுத்துட்டு லாபமாம் லாபம்! கோட்டுப் போட்டவன் சொன்னா கேப்பாக, கட்டுனவ சொன்னா கேக்கமாட்டாக" என்று ஆரம்பித்தாள் அக்கா. ஆஸ்பத்திரி பெஞ்சுக்குப் பிறகு அவள் மாமாவைத் திட்டி அன்றைக்குத்தான் கேட்டேன். மாமா தலையைக் குனிந்து முழுவதையும் வாங்கிக்கொண்டார். நான் மாத்திரை டப்பாவைத் தேடி எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, என் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த முகாமுக்கு அழைப்பு வந்திருக்கிறதாம், பாண்டி சொன்னான். அதே மண்டபம், அதே கோட்டு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வரச் சொல்கிறார்கள்.

போகிறவர்கள் கழற்றும்போது ஒரு தரம் அதைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.